ஒரு கை நீளம் தள்ளி

ஒக்ரோபர் 2, வியாழன்

காலையில் நல்ல குளிர். பேஸ்மென்ற் ஜன்னலில் ஈரம். துடைத்துப் பார்த்தால் தெரிவது புல்லும் மச்சாளின் கார்ச் சில்லும் மட்டும்.

பிள்ளைகளின் தடித்த ஜக்கற் தேட வேண்டும். எந்தப் பெட்டியில் என்று தெரியாது. ர. கட்டிய பெட்டி ஒன்றிலும் எதுவும் எழுதவில்லை. "எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் பாரிஸில் வைத்து. அந்த ஞாபகம் பாரிஸிலேயே நின்றுவிட்டது போலும். (ர. என்றால் ரஞ்சன், என் வீட்டுக்காரர். முழுப் பெயரும் எழுதினால் கோபம் கூடுகிறது.)

கனடாவுக்கு, இந்த மார்க்கம் நகருக்கு வந்து இரண்டாவது மாதம். மேலே ர.வின் அக்கா வதனி மச்சாள், அவரது கணவர் சிவா அண்ணை, மகள் அஷ்வினி. கீழே பேஸ்மென்றில் நாங்கள் நான்கு பேர். இரண்டுக்கும் நடுவே படியும் ஒரு கதவும். மச்சாள் அதைப் பூட்டுவதில்லை. தட்டுவதும் இல்லை.

பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாடு பெரும் பாடு. பாரிஸில் பள்ளிக்கூடத்திலேயே சூடாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள். சீஸ் தனித் தட்டில் வரும். இங்கே டப்பாவில் கட்டிக் கொடுக்க வேண்டும். நேற்றுப் புட்டு. நிலனின் டப்பா அப்படியே திரும்பி வந்தது. "ஆறின புட்டு மண் மாதிரி இருக்கு அம்மா." ஏழு வயதுக்கு நல்ல வாய். யாழினிக்கு ஐந்து வயது. தன்னுடையதையும் முடித்துப் பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கற்றையும் முடித்திருக்கிறாள். அவள் எந்த நாட்டிலும் பிழைத்துக்கொள்வாள்.

நாளைக்கு: பாண், முட்டை, வெண்ணெய். சீஸ் வாங்க வேண்டும். இங்கே சீஸ் செம்மஞ்சளாக இருக்கிறது. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் மட்டும் நடக்கிற தூரம். மற்றதெல்லாம் மச்சாளின் காரில்தான். பால் வாங்குவதென்றாலும் "மச்சாள், கடைப்பக்கம் போறீங்களோ?" பாரிஸில் மெற்றோவில் தனி ராணியாகத் திரிந்தவள் நான்.

ஒக்ரோபர் 3, வெள்ளி

மழை. பிள்ளைகளின் சப்பாத்து நனைந்து வந்தது. சூடு வரும் ஓட்டைக்கு முன்னால் வைத்திருக்கிறேன். நாற்றம்.

பின்னேரம் நிலனின் ரீச்சர் போன் எடுத்தார். என் ஆங்கிலம் கேட்டால் பாதி விளங்கும், வாயைத் திறந்தால் பிரெஞ்சு வரும். மேலே ஓடிப்போய் அஷ்வினியிடம் கொடுத்தேன். பதினாறு வயது, இங்கேயே பிறந்தவள். ஓம் ஓம் என்று கேட்டுவிட்டுப் போனைக் கையால் மூடினாள்.

"சுதா மாமி, டோன்ற் பானிக். ஷி இஸ் ஸோ நைஸ். நிலன் காலமையில லைனில நிக்கிற எல்லாருக்கும் கொஞ்சுறானாம். போத் சீக்ஸ்."

"ஓம். அதுக்கென்ன?"

"மாமி. இஞ்ச ஒருத்தரும் அப்பிடிச் செய்யிறேல்லை."

நடந்தது இது. நிலன் வரிசையில் போய் நிற்கும்போது முன்னால் பின்னால் நிற்கிற பிள்ளைகளின் கன்னத்தில் கன்னம் வைத்துக் கொஞ்சியிருக்கிறான். ஒருவன் கன்னத்தைத் துடைத்துவிட்டுத் தள்ளிவிட்டிருக்கிறான். சண்டை வேண்டாம் என்று நிலன் அவனைத் திரும்பவும் கொஞ்சப் போயிருக்கிறான். அந்தப் பிள்ளையின் தாய் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியிருக்கிறார். ரீச்சர் கோபப்படவில்லை, நல்ல மாதிரித்தான் சொன்னார். அன்பான பிள்ளை, ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்னைச் சுற்றி ஒரு இடம் வேண்டும், ஒரு கை நீளம் தள்ளி நிற்க வீட்டிலும் சொல்லிக் கொடுங்கள் என்று.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவன் கன்னத்தைத் துடைத்தானே அந்தப் பொடியன், அது நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றது.

பாரிஸில் எங்கள் மாடிக்கட்டடத்தில் கண்டால் கொஞ்சு, பிரிந்தால் கொஞ்சு. வெள்ளை, கறுப்பு, தமிழ், எல்லாம் ஒன்றுதான். கொஞ்சாமல் போனால்தான் என்ன கோபமோ என்று கேட்பார்கள். பதினான்கு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து போன புதிதில் எனக்கு அது செத்துப் பிழைக்கிற வேலை. வகுப்புத் தொடங்கும் மட்டும் கழிப்பறைக்குள் ஒளிந்து நிற்பேன். பழக வெகு காலம் பிடித்தது. இப்போது நான் செய்வதில்லை, கன்னம் தானாகப் போகிறது.

நிலன் அதோடு பிறந்தவன். காலையில் அவசரத்தில் நான் மறந்துவிட்டால் வாசலிலிருந்து திரும்பி வந்து "பிஸு" என்று கன்னத்தை நீட்டுவான். பிரெஞ்சில் பிள்ளைகள் முத்தத்துக்குச் சொல்லும் சொல். அவனுக்கு அது வணக்கம், நன்றி, மன்னிப்பு எல்லாம்.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

வெயில். சப்பாத்து காய்ந்துவிட்டது.

ர. மத்தியானத்துக்குப் பிறகு உணவகக் குசினி வேலைக்குப் போனால் இரவுதான் வருவார். அதனால் காலையிலேயே பயிற்சி. பேஸ்மென்றின் ஒரு சுவரில் நான், மற்றச் சுவரில் அவர், நடுவில் நிலன். நடந்து வர வேண்டும், கையை நீட்ட வேண்டும், விரல் நுனி படுகிற இடத்தில் நிற்க வேண்டும், "ஹாய்" சொல்ல வேண்டும். யாழினிக்கு இது விளையாட்டு. ஓடி வந்து என் வயிற்றில் முட்டினாள்.

ர.: "இனி ஒருத்தரையும் தொடக்கூடாது. விளங்கிச்சோ?"

நிலன்: "ஒருத்தரையுமோ?"

ர.: "ஒருத்தரையும்தான்."

"அது கூடிப்போச்சு" என்றேன் நான். "பாதி பாதியாச் சொன்னா உவனுக்கு விளங்காது, நீர் பேசாமல் இரும்" என்றார். சரி என்று பேசாமல் இருந்தேன். எனக்கும் பயம்தான். அந்தப் பிள்ளை இன்னொரு முறை தள்ளி இவன் தலை அடிபட்டால்?

ர. இருபத்தாறு வயதில் பிரான்ஸுக்கு வந்தவர். எவரையும் கொஞ்ச மாட்டார். யாராவது கன்னத்தை நீட்டினால் கையை நீட்டிவிடுவார். இப்போது அவர் சரி, நான் பிழை. அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

வாங்க: சவர்க்காரம், யாழினிக்குச் சொக்ஸ், பருப்பு. மச்சாள் வியாழன் கடைக்குப் போவாராம்.

ஒக்ரோபர் 8, புதன்

பாரிஸில் புதன் என்றால் பள்ளிக்கூடம் இல்லை. "இண்டைக்குப் புதன்" என்று சொல்லிப் பிள்ளைகள் இருவரும் இன்றும் கட்டிலில் படுத்துக்கிடந்தார்கள். இழுத்து எழுப்பினேன்.

ரீச்சர் வாசலில் என்னைப் பார்த்துப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். நிலன் நல்ல பிள்ளையாகிவிட்டான். வரிசையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். பார்க்க ஒரு சின்னப் பொலிஸ்காரன் மாதிரி.

நல்ல செய்தி: ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். 17ஆம் திகதி நேர்முகம். பாரிஸில் நான் செய்த அதே வேலை. குழந்தை அழுதால் தூக்கு, மூக்கைத் துடை, நித்திரையாக்கு. அதற்குமா இவ்வளவு ஆங்கிலம் தேவைப்படப் போகிறது?

சனிக்கிழமை மச்சாளுக்கும் அண்ணைக்கும் இருபதாவது கலியாண நாள். ஸ்காபரோவில் விருந்து ஹோல் எடுத்திருக்கிறார்கள். என் பச்சைச் சேலை எந்தப் பெட்டியில்? ர.வைக் கேட்டேன். யோசிக்கிறாராம்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நேற்று ஹோல் நிறையச் சனம். அண்ணையின் பக்கத்து ஆட்கள் அஜக்ஸிலிருந்து வந்திருந்தார்கள். மேடையில் மச்சாளும் அண்ணையும் மாலையோடு. மச்சாள் சிவப்புக் காஞ்சிபுரம், நல்ல வடிவு. குடும்பம் குடும்பமாக மேடையில் ஏறி வாழ்த்திவிட்டுப் படம் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் வீடியோக்காரர், ஒரு பக்கம் போட்டோக்காரர், கண்ணைக் குத்துகிற வெளிச்சம்.

எங்கள் முறை வந்தது. ர. முதலில் ஏறிக் கை கொடுத்தார். நான் மச்சாளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னமும் கொஞ்சினேன். மச்சாளும் சிரித்தார். அடுத்து நின்றவர் அண்ணை. அடுத்து நின்றவரையும் கொஞ்சிவிட்டேன். இடது கன்னம், வலது கன்னம்.

நினைத்துச் செய்யவில்லை. சத்தியமாக நினைக்கவே இல்லை. பாரிஸில் இப்படி எத்தனை மேடை ஏறியிருப்பேன். அண்ணை மரம் மாதிரி நின்றார். மாலைப் பூ ஒன்று என் தோட்டில் சிக்கிக்கொண்டது. முன்வரிசைக் கதிரைகளில் தலைகள் திரும்பின. பிறகுதான் போட்டோக்காரர்:

"தங்கச்சி, படம் கலங்கிப் போச்சு. ஒருக்காத் திருப்பிக் கொஞ்சுங்கோ."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ர. என் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

கை கழுவப் போன இடத்தில் இரண்டு பேர் கண்ணாடிக்கு முன்னால். நான் கழிப்பறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

"உவள்தான் வதனியின்ர தம்பியின்ர மனுசி. பிரான்ஸ்."

"அதுக்காக மச்சான்காரனுக்குக் கொஞ்சுறதே?"

"மச்சான் இல்லையடி. புருசன்ர தமக்கையின்ர மனுசன், அண்ணை முறை."

"அப்ப இன்னும் மோசம்."

பதினான்கு வயதில் ஒளிந்து நின்ற அதே மாதிரி நின்றேன். அப்போது கொஞ்சப் பயந்து. இப்போது கொஞ்சியதற்காக.

வரும்போது காரில் மச்சாள் மாலையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

ஒக்ரோபர் 13, திங்கள்

நன்றி சொல்லும் நாளாம், விடுமுறை. மேலே வான்கோழி வாசனை. கீழே பருப்பும் சோறும். கூப்பிடுவார்கள் என்று யாழினி படியிலேயே இருந்தாள். கூப்பிடவில்லை.

அண்ணை கராஜ் பக்கத்தால் வெளியே போய் வருகிறார். காலையில் நேருக்கு நேர் கண்டேன். வானத்தைப் பார்த்து "மழை வரும் போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நல்ல மனுசன். என்னால் தன் வீட்டுக்குள்ளேயே களவன் மாதிரித் திரிகிறார்.

இந்த வீட்டில் சூடு வரும் ஓட்டை வழியாகச் சூட்டோடு பேச்சும் வரும். மேலே குசினியில் மச்சாளும் ர.வும்.

"அவளில பிழை எண்டு நான் சொல்லேல்லை தம்பி. அவற்ற தங்கச்சி அந்த வீடியோவை எல்லாருக்கும் அனுப்பிப்போட்டுது. வேலையிடத்தில நாளைக்கு நான் என்னெண்டு முகம் காட்டுறது?"

ர. என்னவோ சொன்னார், கேட்கவில்லை.

"பனி விழ முதல் ஒரு இடம் பாருங்கோ. அவ்வளவுதான்."

கீழே வந்த ர. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார். பிறகு வந்தார்.

"கேட்டதோ?"

"கேட்டது."

"கிரெடிற் இல்லை, இஞ்ச ஒரு வருஷ வேலை இல்லை. எங்களுக்கு ஆர் வீடு தருவினம்? திரும்பிப் போக வேண்டியதுதான். உமக்கு இப்ப சந்தோஷமோ?"

சந்தோஷமா? வரமாட்டேன் என்று அழுதவள் நான்தான். ஆனால் பாரிஸ் வீட்டையும் விட்டு, வேலையையும் விட்டு, பிள்ளைகளை இரண்டாம் முறை பிடுங்கி நட முடியாது. நிலன் இப்போதுதான் ஆங்கிலத்தில் கனவு காண்கிறான். நித்திரையில் "ஸ்ரொப்" என்று சொன்னான்.

நான் கத்திவிட்டேன். "ஒரு கன்னத்தில கன்னம் பட்டதுக்கு நாடு மாறுறதோ?" என்று. கோழை என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளைகள் இருவரும் சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒக்ரோபர் 15, புதன்

காற்று. மரமெல்லாம் ஒரே நாளில் மொட்டை.

மச்சாள் கீழே வந்தார். முதன்முறையாகக் கதவைத் தட்டினார். அந்தத் தட்டல்தான் எனக்குச் சுட்டது.

தேநீர் போட்டேன். குடிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீர் ஒண்டும் நினைச்சுச் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும் சுதா. அவருக்கும் தெரியும். சனம் சிரிக்கிறது ரெண்டு கிழமையில போயிடும்."

"அப்ப ஏன் மச்சாள்…"

கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார்.

"இருவது வருஷம். நாலு பேருக்கு முன்னால நான் அவற்ற கையைக்கூடப் பிடிச்சதில்லை. அவரும் பிடிச்சதில்லை. எங்களுக்கு அப்பிடித்தான் பழக்கம். அண்டைக்கு மாலை போட்டுக்கொண்டு நிக்கேக்க, இண்டைக்கெண்டாலும் பிடிப்பாரோ எண்டு ஒரு நினைப்பு. கிழட்டு வயசில. அதுக்குள்ள நீர் வந்து ரெண்டு கன்னத்திலயும் குடுத்திட்டுப் போறீர், லேசா."

கோபம் என்று நினைத்து ஆயத்தம் செய்து வைத்திருந்த சொல்லெல்லாம் வீண்.

எழுந்து போகும்போது, இன்று லீவில் நின்ற ர. பள்ளிக்கூடத்தால் கூட்டி வந்த பிள்ளைகளைப் படியில் கண்டார். யாழினி வழக்கம் போல மாமியின் காலைக் கட்டிக்கொண்டாள். மச்சாள் அவளை மெல்ல விலக்கினார். "இஞ்ச ஒருத்தரும் ஒருத்தருக்கும் கொஞ்சுறேல்லை. பழகுங்கோ. பிறகு கரைச்சல்."

நிலன்: "ஓம் மாமி. எனக்குத் தெரியும்."

படுக்கப் போகும்போது நிலன் கொஞ்சாமல் கையை மட்டும் காட்டிவிட்டுப் போனான். என்னோடு கோபமாக்கும். அன்று கத்தியதற்காக. நானும் இழுத்துப் பிடிக்கவில்லை. எல்லோரும் என்னோடு கோபித்து முடியட்டும்.

வெள்ளிக்கிழமை நேர்முகம். பிள்ளைகளைக் கூட்டி வர ஆள் இல்லை, ர.வுக்கு வேலை. மச்சாளைக் கேட்க வெட்கம். அஷ்வினி மூலம் கேட்டேன். சரி என்றாராம்.

ஒக்ரோபர் 17, வெள்ளி

குளிர், வெயில். பஸ்ஸில் போனேன். ஒரு பஸ் மாறி ஏறிப் பிறகு இறங்கி நடந்தேன். சப்பாத்து கடித்தது.

நேர்முகம் மோசமில்லை. ஒரு அம்மா கேட்டார்: ஒரு குழந்தை விழுந்து அழுகிறது, என்ன செய்வீர்கள்? ஆங்கிலம் வராமல் இரண்டு கையையும் நீட்டித் தூக்கி மார்போடு வைத்துக் காட்டினேன். சிரித்தார். இங்கே முதலில் குழந்தையிடம் கேட்க வேண்டும் என்றார். உன்னைத் தூக்கட்டுமா, கட்டிப்பிடிக்கட்டுமா என்று. வேண்டாம் என்றால் பக்கத்தில் இருந்தால் போதும். சில குழந்தைகளுக்குத் தொட்டால் பிடிக்காது, அது அவர்களின் உரிமை என்றார். யோசித்தால் நியாயம்தான். பதினான்கு வயதில் என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் கழிப்பறைக்குள் ஒளிந்திருக்க மாட்டேன். அடுத்த கிழமை பதில் சொல்வார்களாம்.

வீட்டுக்கு வந்தால் மேலே சத்தம். படியில் யாழினி, கீழ் உதடு வெடித்து வீங்கியிருந்தது, சட்டையெல்லாம் இரத்தம். மச்சாள் ஐஸ் பிடித்துக்கொண்டிருந்தார். நிலன் சுவரோடு நின்றான்.

மச்சாள் சொன்னது: பிள்ளைகள் இருவரும் முன்னால் நடக்க, தான் பின்னால் போனில் கதைத்துக்கொண்டு வந்தாராம். பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்துமிடத்தில் சீமெந்து விளிம்பு தடக்கி யாழினி முகம் குப்புற விழுந்திருக்கிறாள். மச்சாள் ஓடி வரும் மட்டும் எழும்பவில்லை.

"இவன் பக்கத்திலதான் நிண்டவன். அது கையை நீட்டி நீட்டிக் குழறுது. இவன் கையைப் பின்னால கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கிறான். தங்கச்சியடா. உனக்கு நெஞ்சில ஈரம் இல்லையோ?"

நிலன் அழவில்லை. முகம் வெளிறியிருந்தது. நான் முழங்காலில் இருந்து கேட்டேன். ஏன் தூக்கவில்லை?

"தொடக்கூடாது."

"ஆர் சொன்னது?"

விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். "ரீச்சர். அப்பா. மாமி. நீங்களும்தான் அம்மா. ஒருத்தரையும் எண்டு."

பிறகு சொன்னான், பள்ளிக்கூடப் பக்கம் பார்த்துப் பெரிய ஆட்களைக் கூப்பிட்டானாம். பிரெஞ்சில்தான் வந்ததாம். ஒருவரும் திரும்பவில்லையாம்.

மச்சாள் ஐஸைக் கீழே வைத்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, நான் அவரைப் பார்க்கவில்லை. யாழினி மட்டும் உதட்டை இழுத்துக்கொண்டு அழுதாள். "நான் அண்ணா அண்ணா எண்டு கூப்பிட்டனான். அண்ணா வரேல்லை" என்று.

ஏழு வயதுப் பிள்ளையைக் கல்லாக்க நாங்கள் எத்தனை பேர் கூடி வேலை செய்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தைச் சொல்லிப் பயனில்லை. அந்த ரீச்சர் வரிசையில் நிற்பதற்குச் சொன்னதை நாங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து பூட்டுப் போட்டோம். எனக்கு என் மேல்தான் வெறுப்பு.

தையல் தேவையில்லை. பல் ஆடவில்லை. இரண்டு நாளைக்குக் குளிரான சாப்பாடு.

ஒக்ரோபர் 18, சனி

காலையில் மூட்டம். கதவு தட்டாமல் திறந்தது.

"சுதா, புட்டும் சம்பலும் இருக்கு. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாரும். யாழினிக்கு யோகட் வச்சிருக்கிறன்."

ர. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். போனோம்.

மேலே குசினியில் அண்ணை மேசைக் கோடியில் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். அஷ்வினி காதில் எதையோ மாட்டிக்கொண்டு. ஆவி பறக்கிற புட்டு. நிலன் கதிரை நுனியில் இருந்தான், ஒருவரின் கையும் முட்டாத மாதிரி.

சாப்பாட்டுக்கு முதலே சொல்லிவிட வேண்டும் என்று தொடங்கினேன். "நிலன், நாங்கள் சொன்னது பிழை. பள்ளிக்கூடத்தில பிள்ளையளைக் கேக்காமல் தொடக்கூடாது, அது சரி. தங்கச்சி அப்பிடி இல்லை. விழுந்தா நீ தூக்கலாம். கட்டிப்பிடிக்கலாம். கொஞ்சலாம்."

ர.: "ஓமடா. அப்பாவும் பிழையாத்தான் சொல்லிப்போட்டன்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. நிலன் நம்பாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினான்.

"தங்கச்சிக்குக் கொஞ்சலாமோ?"

"ஓம்."

இறங்கிப் போய் யாழினியின் வீங்காத பக்கம் பார்த்துக் கொஞ்சினான். "நோகுது" என்றாள் அவள், நோகாமலே.

"அப்பாவுக்கு?"

"வாடா" என்றார் ர. கன்னத்தைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாமிக்கு?"

நான் பதில் சொல்ல முடியாது, அது என் வீடு இல்லை. மச்சாள் சம்பல் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். கரண்டிச் சத்தம் நின்றது. திரும்பி வந்து குனிந்தார். "மாமிக்குத்தான் முதல் தந்திருக்க வேணும்" என்றார். நிலன் இரண்டு கன்னமும் கொடுத்தான். மூக்குக்கண்ணாடி சரிந்தது. மச்சாள் அதைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாமாவுக்கு?"

அண்ணை போனைக் கீழே வைத்தார். காது சிவந்துவிட்டது. "கார்ச் சில்லில காத்துக் காணாது போல, பாத்திட்டு வாறன்" என்று எழும்பினார். போகிற போக்கில் மச்சாளின் தோளில் ஒருதரம் கையை வைத்து எடுத்தார். தட்டை எடுக்க விலகச் சொன்ன மாதிரித்தான் இருந்தது. ஆனால் அவர் தட்டு எதுவும் எடுக்கவில்லை. மச்சாள் அப்படியே நின்றார். அஷ்வினி காதில் மாட்டியதைக் கழற்றி "ஓ மை கோட்" என்றாள். சிரிக்கவும் பயந்துபோய் நான் புட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பனிக்கு முதல் வீடு பார்ப்பது பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. இருக்கலாமா போகவேண்டுமா என்று இன்னும் தெரியாது. கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அப்போது சேலைத் தலைப்பை இழுக்கிற மாதிரி என் கம்பளிச் சட்டையை யாரோ இழுத்தார்கள். நிலன்.

"அம்மா, உங்களுக்கு?"

கை காட்டிவிட்டுப் படுக்கப் போன பிள்ளை. கோபம் என்று நினைத்தேனே. இத்தனை நாளும் உத்தரவுக்குக் காத்திருந்திருக்கிறான்.

நான் கதிரையைத் தள்ளிவிட்டு அவன் உயரத்துக்குக் குனிந்தேன். அவன் கேட்டுவிட்டுப் பதில் வரும் மட்டும் பொறுமையாக நின்றான், ஒரு கை நீளம் தள்ளி.